செல்லி சொன்ன பதில்

ஆதிமூலம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையெல்லாம் முடிந்தபிறகு அவருக்குச் சிறுவர் கதை எழுத ஆசை வந்தது. தன்னைவிட எத்தனையோ வயது சின்னவரான அமிர்தவல்லி டீச்சரிடம் போய், "எனக்கு எழுதச் சொல்லிக் கொடுங்க" என்று நின்றார். கேலி செய்தவர்களை அவர் சட்டை செய்யவில்லை.

எழுதியும் விட்டார். ஊர் ஊராகப் போய்க் கரும்பு வெட்டும் ஒரு குடும்பத்தின் கதை. அதில் செல்லி என்று ஒரு சிறுமி. தோட்டத்து முதலாளியின் மகன், அரை டவுசர் போட்ட பொடியன், அவள் அப்பாவைப் பார்த்து, "டேய் காத்தா, தண்ணி கொண்டாடா" என்கிறான். செல்லி சும்மா இருப்பாளா?

"எங்கப்பாவ நீ வாடா போடான்னா, உங்கப்பாவ நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்" என்கிறாள்.

கதை பிரமாதம் என்றார்கள் பதிப்பகத்தார். அந்த வரியை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம். செல்லி சிரித்த முகமாகத் தண்ணீர் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பள்ளிக்கூடங்கள் வாங்காது, புத்தகமே வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஆதிமூலம் தவித்துப் போனார். முதல் புத்தகம். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், பாவம். டீச்சரிடம் ஓடினார்.

"எடுத்துடட்டுமா டீச்சர்? ஒரு வரிதானே?"

"எடுத்துட்டே எழுதிக் கொண்டாங்க அண்ணே. படிச்சுப் பாத்துருவோம்."

படிக்க டீச்சர் அவரைக் கூட்டிப் போனது ஒரு கரும்புத் தோட்டத்துக்கு. கல்வராயன் மலையிலிருந்து வெட்ட வந்த குடும்பங்கள், காய்ந்த கரும்புத் தோகையால் குடிசை போட்டு அங்கேயே தங்கியிருந்தன. பெரியவர்கள் தோட்டத்தின் அந்தக் கோடியில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு கரும்புத் துண்டோடு கதை கேட்க உட்கார்ந்தார்கள்.

ஆதிமூலம் நன்றாகத்தான் படித்தார். செல்லி சிரித்தபடி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் இடம் வந்தது.

"சும்மா சொல்றீங்க" என்றாள் வெள்ளச்சி என்ற சிறுமி. அவள் இடுப்பில் தம்பி இருந்தான்.

"என்னம்மா சும்மா?"

"அவ சிரிச்சிருக்க மாட்டா. நேத்து இந்தத் தோட்டத்து மொதலாளி பையனும் எங்கப்பாவ அப்படித்தான் கூப்பிட்டான். எனக்கு என்ன சிரிப்பா வந்துச்சு? ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு."

"ஏதாச்சும் சொன்னியா?"

"வாயத் தொறந்தேன். எங்கம்மா பொத்திட்டாங்க."

ஆதிமூலம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பாட்டுக்குக் கரும்பு தின்றுகொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் அந்த அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. அப்படி ஒரு அழுத்தம்!

வேறு வழியில்லாமல், செல்லி சொன்ன பதிலை அவர் உள்ளபடியே சொன்னார்.

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் குதித்தார்கள்.

"இன்னொருக்கா சொல்லுங்க தாத்தா!"

இன்னொரு முறை சொன்னார். அவ்வளவுதான், அத்தனை பேரும் அதைக் கூடவே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளச்சியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அந்தக் கோடியில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஷ்! மெதுவா! மொதலாளி காதுல விழுந்துறப் போவுது!"

பதறியது யார் என்கிறீர்கள்? அதை எழுதிய மனுஷன்தான்.

பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். வெள்ளச்சி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தம்பியோடு எழுந்து குடிசைக்குள் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது ஆதிமூலம் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"நானும் அந்தப் பொண்ணு வாயப் பொத்திட்டேனே டீச்சர்."

"ஆமா."

"பயந்துட்டேன். என்ன செய்யச் சொல்றீங்க? அந்த வரி இருந்தா புத்தகம் வராதே."

டீச்சர் முதல் தடவையாக அவரிடம் கோபப்பட்டார்.

"அவங்க அம்மா பொத்துனாங்கன்னா, வேலை போயிரும், குடிசை போயிரும், பிள்ளைகள இழுத்துக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாது. உங்களுக்கு என்ன அண்ணே போயிரும்? ஒரு புத்தகம். போகட்டும்!"