பவழத்தின் காதில் ஓர் இதழ்

மருதங்குளத்தின் கரையில் விலங்குகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆவாரங்குழு என்று ஒரு குழு இருந்தது. குழுவில் சேர்ந்தவர்கள் காதில் ஆவாரம்பூ வைத்துக்கொள்ளலாம். காது வெளியே தெரியாத பிராணிகள் கொண்டையிலோ கழுத்திலோ வைத்துக்கொள்ளும்.

அந்தப் பூ சும்மா வந்துவிடாது. நன்றாகப் படிக்கவேண்டும், பொய் சொல்லக்கூடாது, பிறருக்கு உதவவேண்டும். இதெல்லாம் இருந்தால் குழுவின் தலைவர் உடும்பு வாத்தியார் தம் கையாலேயே முதல் பூவை வைப்பார். அதற்கப்புறம்தான் சங்கதியே இருக்கிறது. ஆவாரம்பூ மறுநாளே வாடிவிடும். ஆகவே ஒவ்வொரு மாதப்பிறப்பன்றும் காலைக் கூட்டத்துக்குப் புதுப்பூவோடு வரவேண்டும். அதையும் தானே பறித்து வைத்துக்கொள்ளக்கூடாது. முடிந்த மாதத்தில் உதவி பெற்ற யாராவது ஒருவர் மனசார வந்து வைக்கவேண்டும். பூ இல்லையென்றால் குழுவில் இடமும் இல்லை.

உடும்பு வாத்தியார் விதியை விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? தம் சொந்தப் பேரனையே பூ இல்லாமல் வந்தான் என்று வெளியே அனுப்பியவர் அவர்.

அந்த வருஷம் பங்குனி முதல் நாள் குழுவில் சேர்ந்தவள் பவழம். பவழம் ஒரு கழுதை.

ஆமாம், கழுதைதான். வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுக்கு. மற்றப் பிள்ளைகள் கணக்கில் தப்புச் செய்தால் வாத்தியார்கள் "கழுதை!" என்று திட்டுவார்கள். உடனே பவழம் எழுந்து, "ஐயா, நான் சரியாத்தானே போட்டிருக்கேன்?" என்று கேட்பாள். வாத்தியார்கள் பாவம், திட்டுவதற்கு வேறு வார்த்தை தேடவேண்டியதாயிற்று.

பவழத்தின் அம்மா ஊருக்குள் ஒரு செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள். மகள் குழுவில் சேர்ந்த செய்தியை மைனா கொண்டுபோய்ச் சொன்னது. அம்மா பதில் சொல்லியனுப்பினாள்.

"சித்திரை ஒண்ணாந்தேதி சூளைக்கு லீவு. நான் வர்றேன். உன் காதுல பூ இருக்கிறதை என் கண்ணால பார்க்கணும். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை'ன்னு இங்கே என் காதுபடவே பேசுறாங்க. திரும்பி வந்து அவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும்."

பவழத்துக்குப் பெருமை தாங்கவில்லை. குழுவில் இருப்பவர்கள் படித்துறையில் முதல் ஆளாகத் தண்ணீர் குடிக்கலாம். பவழம் தாகம் இல்லாதபோதும் போய்க் குடித்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்துக் குடித்தாள்.

குழுவில் சேர்வதற்கு முன்னால் அவள் நல்ல உபகாரிதான். யார் சுமை தூக்கச் சொன்னாலும் முதுகைக் காட்டுவாள். சேர்ந்த பிறகு கதை மாறிவிட்டது.

"பவழம், இந்தப் புல்லுக்கட்டைக் கொஞ்சம் கொண்டுவந்து போடேன்" என்று முயல் கேட்டது.

"நான் ஆவாரங்குழு. உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதானே கேக்கிறேன்."

இது பவழத்தின் காதில் விழவில்லை. அவ்வளவு நீளமான காது இருந்தும் விழவில்லை.

இப்படியே பங்குனி போயிற்று. மாதத்தின் கடைசி நாள் காலையில்தான் அவளுக்குத் திக்கென்றது. நாளைக்குக் கூட்டம். நாளைக்கு அம்மா வருகிறாள். காதில் பூ வைக்க ஒரு ஜீவன் இல்லை.

பவழம் உதவி செய்யக் கிளம்பினாள். புயல் மாதிரி கிளம்பினாள். எறும்புகள் வெயிலில் வாடுகின்றனவே என்று வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து புற்றில் ஊற்றினாள். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு அலறி ஓடின. குளத்தின் மேற்குக் கரையில் ஆமைப் பெரியப்பா மூச்சு வாங்க நின்றார். பவழம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரை வாயால் கவ்வி முதுகில் போட்டுக்கொண்டு, குளத்தைச் சுற்றி ஓடி, கிழக்குக் கரையில் இறக்கிவிட்டாள்.

"பெரியப்பா, கரையேத்திட்டேன். நாளைக்கு எனக்கு ஒரு பூ வைங்க."

ஆமை கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தார். "அடிப்பாவி, இங்கேருந்துதாண்டி முந்தாநாள் கிளம்பினேன். இப்பத்தான் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தேன்!"

"அப்ப பூ?"

"பூவா? கிட்ட வா, முள்ளு வைக்கிறேன்."

பவழம் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. அப்போது கிளையிலிருந்து தாண்டவன் என்ற குரங்கு தலைகீழாகத் தொங்கியது. தாண்டவன் குழுவில் சேரப் பார்த்துச் சேர முடியாமல் போனவன். குழுவை ஏமாற்றும் வழிகள் மட்டும் அவனுக்கு அத்துப்படி.

"இதுக்குப் போயா அழறே? மஞ்சளா எது இருந்தா என்ன? ஆவாரஞ்செடியில மஞ்சள் பூச்சி உட்கார்ந்திருக்கும். அதைக் காதுல உட்காரவெச்சுக்கிட்டு வா. உடும்பு வாத்தியாருக்குப் பார்வை மங்கல். யார் வெச்சதுன்னு கேட்டா, 'நான்தான் வெச்சேன், பவழம் எனக்கு உதவினா'ன்னு நான் சொல்லிடறேன்."

"பொய் இல்லையா அது?"

"பொய் சொல்றது நான்தானே? நீ சும்மா நில்லு போதும்."

பவழத்துக்கு அது நியாயம் என்று படவில்லை. ஆனால் அம்மா வருகிறாளே! சரி என்று தலையை ஆட்டிவிட்டாள்.

மறுநாள் சித்திரை பிறந்தது. பொழுது விடிந்ததும் பவழம் ஆவாரங்காட்டுக்குப் போனாள். அங்கே ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி அப்போதுதான் கூட்டை விட்டு வெளியே வந்து சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. பவழம் விஷயத்தைச் சொன்னாள்.

"உட்காரணும், அவ்வளவுதானே?" என்றது பூச்சி. "பிறந்ததும் வேலை கிடைச்சிடுச்சே எனக்கு. காதைக் குனி."

பூச்சியைக் காதில் வைத்துக்கொண்டு பவழம் குளத்துக்கு நடந்தாள். பாதி வழியில் வானம் இருண்டது. கோடை மழைக்கு நாள் கிழமை ஏது? சடசடவென்று கொட்டத் தொடங்கிவிட்டது. சுற்றிலும் பொட்டல். ஒதுங்க ஒரு மரம் இல்லை.

'ஐயோ, பூ கெட்டுவிடுமே!' இதுதான் பவழத்துக்கு முதலில் தோன்றியது. உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா? ஆனால் அடுத்த நிமிஷம், காதுக்குள் அந்தச் சின்ன உயிர் வெடவெடவென்று நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. ஒரு துளி மழை விழுந்தாலே அதன் ஈரச் சிறகு கிழிந்துவிடும். அப்புறம் பூச்சி ஏது? பவழம் காதை மடித்துப் பூச்சியை மூடினாள். தலையைத் தாழ்த்தி, அசையாமல் நின்றுவிட்டாள்.

தூரத்தில் மரங்கொத்தி மரத்தைத் தட்டியது. டொக் டொக் டொக். கூட்டம் தொடங்குகிறது என்று அர்த்தம்.

"ஓடு, கூட்டம் போயிடும்" என்றது பூச்சி உள்ளேயிருந்து.

"ஓடினா காது ஆடும். நீ விழுந்திடுவே."

"உங்க அம்மா வந்து காத்துக்கிட்டிருப்பாங்களே?"

பவழம் காதை இன்னும் கொஞ்சம் இறுக்கி மடித்தாள். "இருப்பாங்க. நீ பேசாம உட்காரு" என்றாள்.

மழை அவள் முதுகில் அடித்தது. இன்னொரு காதில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. மழை விடும்வரை அவள் ஒரு காலைக்கூட மாற்றி வைக்கவில்லை.

கூட்டம் முடிகிற நேரத்தில்தான் அவள் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தாள். பெரிய மருதமரத்தின் அடியில் எல்லோரும் இருந்தார்கள். ஓரத்தில் அம்மா நின்றிருந்தாள். மகளைப் பார்க்கப் போகிறோமென்று சூளையிலிருந்து குளித்துவிட்டு வந்திருந்தாள். அப்படியும் முதுகு மயிரில் செங்கல் தூசியின் சிவப்பு போகவில்லை.

"வா பவழம். பூ இருக்கிறதா?" என்றார் உடும்பு வாத்தியார்.

பவழம் காதை நிமிர்த்தினாள். மஞ்சளாக ஒன்று தெரிந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

"நல்ல பூ. யார் வைத்தது?"

"நான்தான் ஐயா!" தாண்டவன் முன்னால் குதித்தான். "பவழம் எனக்கு உதவினா. ரொம்ப உதவினா."

வாத்தியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "காற்றே இல்லையே. பூ ஏன் ஆடுகிறது?"

"புதுப் பூ ஐயா. கொஞ்சம் துடிப்பா இருக்கு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாத்தியார் சரி என்று தலையை ஆட்டினார். சும்மா நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பவழம் அம்மாவைப் பார்த்தாள். அந்த முதுகைப் பார்த்தாள். அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

"இது பூ இல்லைங்க ஐயா. பூச்சி. தாண்டவனுக்கு நான் ஒண்ணும் செய்யலை. பங்குனி முழுக்க யாருக்குமே நான் ஒண்ணும் செய்யலை."

கூட்டம் முழுவதும் கொல்லென்று சிரித்தது. தாண்டவன் மரத்தில் ஏறியவன்தான், வால்கூடக் கண்ணில் படவில்லை. உடும்பு வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை.

"உண்மையைச் சொன்னாய். அது நல்லது. ஆனால் பூ இல்லையென்றால் குழுவில் இடம் இல்லை. விதி விதிதான்."

பவழம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்மாவிடம் போனாள். அந்த நேரம் பார்த்து மஞ்சள் பூச்சியும் காதைவிட்டுப் பறந்து போய்விட்டது.

"பாரு, பூவும் ஓடிப்போச்சு" என்றது கூட்டத்திலிருந்த நீர்நாய். மறுபடியும் சிரிப்பு.

சிரிப்பு அடங்குவதற்குள் பூச்சி திரும்பி வந்தது. நேராக வரவில்லை. மேலே போயிற்று, கீழே தொங்கிற்று, முயலின் தலையில் முட்டிற்று. அதன் காலில் ஓர் ஆவாரம் இதழ் இருந்தது. இதழ் பூச்சியின் அளவே இருந்தது. தள்ளாடித் தள்ளாடி வந்து, பவழத்தின் காதில் அந்த இதழை வைத்துவிட்டு, மூச்சு வாங்கிற்று.

"வாத்தியாரே, நான் இன்னைக்குத்தான் பிறந்தேன். உங்க விதியெல்லாம் எனக்குத் தெரியாது. மழையில இவ காதை மடிச்சுக்கிட்டு நிக்கலைன்னா நான் இன்னைக்கே செத்திருப்பேன். கூட்டம் போகுது, அம்மா காத்திருக்காங்கன்னு தெரிஞ்சும் நின்னா. அதனால நான்தான் வைக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. உடும்பு வாத்தியார் நாக்கை நீட்டி நீட்டி யோசித்தார்.

"உதவி பெற்றவர் வைத்தார். அது சரி. உதவி பங்குனிக் கணக்கில் சேருமா?"

"விடிஞ்சதுமே சித்திரை பிறந்தாச்சே! அடுத்த மாசக் கணக்குல்ல?" என்றது நீர்நாய்.

"மாதப்பிறப்புக் கூட்டம் முடிந்த பிறகுதான் புது மாதக் கணக்கு. கூட்டம் இன்னும் முடியவில்லை. அதுவும் சரி. ஆனால் விதியில் பூ என்று இருக்கிறது. இது இதழ்."

"முழுப் பூ என்னால தூக்க முடியலை" என்றது பூச்சி.

"உன்னைக் குறை சொல்லவில்லை, தாயே." வாத்தியார் இன்னும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, அவரை யாரும் அதற்கு முன் பார்த்திராத விதமாக, லேசாகச் சிரித்தார். "ஆவாரம்பூவுக்கு ஐந்து இதழ். ஒன்று வந்துவிட்டது. மற்ற நான்கையும் பவழம் சம்பாதிக்கட்டும். அதுவரை கடைசி வரிசை. படித்துறையிலும் கடைசியாகத்தான் தண்ணீர். சம்மதமா?"

"சம்மதம் ஐயா."

பவழம் கூச்சத்தோடு அம்மா பக்கம் திரும்பினாள். "முழுப் பூவைக் காட்டணும்னு நினைச்சேன்மா. ஒரே ஒரு இதழ்தான் இருக்கு."

அம்மா குனிந்து அந்த இதழை முகர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யார் காதுல என்ன இருந்துச்சு? ஈதான் இருந்துச்சு. வாசனை நல்லாயிருக்குடி. சூளையில போய்ச் சொல்றேன், கழுதைக்கு வாசனை தெரியும்னு."

எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்தார்கள். அப்போது காலடியில் ஒரு குரல் கேட்டது. ஆமைப் பெரியப்பா. நேற்று கிழக்குக் கரையிலிருந்து கிளம்பியவர், இப்போதுதான் மருதமரம்வரை வந்திருந்தார்.

பவழம் அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். "பெரியப்பா, நேத்து நான் செஞ்சது தப்பு. எந்தக் கரைக்குப் போகணும்? சொல்லுங்க, கொண்டுபோய் விடறேன்."

"இதை நேத்தே கேட்டிருக்கலாமே" என்று ஆமை முதுகில் ஏறிக்கொண்டார். "மேற்குக் கரைக்கு விடு. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், இதுக்கு இதழ் கிடையாது. இது நேத்தைய கடன்."

"இதழ் வேண்டாம் பெரியப்பா. போற வழியில எறும்புப் புத்துக்கிட்ட ஒரு நிமிஷம் நிக்கணும். அவங்களுக்கும் ஏதாவது வேணுமான்னு கேக்கணும்."

அவள் ஆமையைச் சுமந்துகொண்டு நடந்தாள். அம்மா கூடவே நடந்தாள். மஞ்சள் பூச்சி, யாரும் கேட்காமலே, இதழுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் பவழத்தின் காதில் இரண்டு இதழ் இருந்தாற்போல் தெரிந்தது.

சிறப்பு ஒருநாளில் கிடைத்துவிடும். அதற்கு உரியவராக இருப்பதோ ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய வேலை.