கறுப்புத் தொட்டியில் ஒரு காதுகுத்து

“தண்ணியக் குறைச்சா குழம்பு, கூட்டுனா ரசம். இதுல என்னட்டி பெரிய வித்தை?”

பக்கத்து வீட்டு அடுப்படியில் யாரோ யாரிடமோ சொன்ன பேச்சு. சன்னலோரம் பல் தேய்த்துக்கொண்டிருந்த சொரிமுத்துவின் காதில் விழுந்து, அங்கேயே குடியேறிவிட்டது. படம் கழுவுவதும் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கிற வேலைதானே என்று தோன்றியது. வாயைக்கூடக் கொப்பளிக்காமல் வேலம்மாள் அக்காவிடம் ஓடினான். அவள் பிள்ளையின் காதுகுத்துக்கு ஸ்டுடியோக்காரர் வேண்டாம், கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து வீட்டிலேயே கழுவித் தருவதாகச் சொன்னான்.

“படம் வரலன்னு வையி, தாய்மாமன்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படிய மிதிக்கக் கூடாது” என்றாள் அக்கா.

காதுகுத்து அன்று சொரிமுத்துவின் மடியில் பிள்ளை அலற, சிநேகிதன் ஞானசிகாமணி ஃபிலிம் சுருள் முழுவதையும் எடுத்துத் தீர்த்தான். மறுநாள் சாயங்காலம் அக்கா படம் பார்க்க வருவாள். அன்று காலையிலேயே இருவரும், கணக்கில் புலி என்று பெயரெடுத்த தீத்தாரப்பனையும் கூட்டிக்கொண்டு டவுன் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர், ஃபிலிம் கழுவும் மருந்தான டெவலப்பரில் இரண்டு புட்டிகளை எடுத்து வைத்தார். “இதுல கழுவுனா படத்துல புள்ளி பொடிசா விழும். அதுல பெருசா விழும். எது வேணும்?”

மூவரும் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள்.

“பிள்ளை சின்னது. பொடிசு போதும்” என்றான் சொரிமுத்து.

“மடி பெருசுல்லா?” என்றான் தீத்தாரப்பன்.

“மடியத்தான் பிள்ளை மறைச்சுட்டே” என்றான் ஞானசிகாமணி. பொடிசு தீர்மானமாயிற்று.

“ஒரு பங்கு மருந்துக்கு ஒம்பது பங்கு தண்ணி. இருபது டிகிரி இருக்கணும், கூடுனா ஐஸ் போடுங்க. கும்மிருட்டுல பத்து நிமிஷம். நிமிஷத்துக்கு ஒரு தடவை குலுக்கணும்” என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் ஒரு குவளையில் கலந்தார்கள். வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது. ஐஸ் போட்டார்கள். இருபதுக்கு இறங்கியது. சொரிமுத்துவுக்குப் பாதி உயிர் வந்தது.

“ஏலே, ஐஸ் கரைஞ்சு தண்ணியாயிட்டு. பங்கு ஒம்பதத் தாண்டிட்டு” என்றான் தீத்தாரப்பன்.

மருந்தைக் கூட்டினார்கள். வெயிலில் இருந்த புட்டி மருந்து, கலவையில் சூடு ஏறியது. ஐஸ் போட்டார்கள். பங்கு தாண்டியது. மருந்தைக் கூட்டினார்கள். குவளை வாளியானது, வாளி டிரம்மானது, புட்டி காலியானது.

சொரிமுத்து கடைக்குப் போன் போட்டான். “அண்ணாச்சி, தண்ணி ரெட்டிப்பாயிட்டு. என்ன செய்ய?”

“நேரத்தயும் ரெட்டிச்சுக்கோ” என்று அவர் வைத்துவிட்டார்.

“அப்பத் தண்ணிக்குப் பஞ்சமே வேண்டாம். நேரந்தான் நம்மகிட்ட கிடக்கே!” என்றான் சொரிமுத்து.

அடுத்தது கும்மிருட்டு. வீடெல்லாம் சன்னல். மொட்டை மாடியில் மூடி போட்ட கறுப்புத் தண்ணீர்த் தொட்டிதான் தோதாகப் பட்டது. ஞானசிகாமணி மூடியைத் தூக்கி, உள்ளே இருட்டு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான்.

“டார்ச் அடிக்குத வரைக்கும் நல்ல இருட்டுதான்” என்றான்.

டிரம்மைச் சுமந்துபோய்த் தொட்டியில் கவிழ்த்தார்கள். வெளிச்சம் படக்கூடாது என்பதால் ஃபிலிமை டப்பாவோடு உள்ளே போட்டார்கள். தொட்டியில் இருபது வாளித் தண்ணீர் இருந்தது. தீத்தாரப்பன் சுவரில் கரியால், பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாளிக்கு ஒரு தடவை, நேரத்தை ரெட்டித்துக்கொண்டே போனான். சுவர் முடியும் இடத்தில் நிமிர்ந்தான்.

“கவலைப்படாத மாப்ள. பிள்ளை கல்யாணத்துக்குள்ள படம் வந்துரும்.”

“அது வரைக்கும் குலுக்கணுமே!” என்று சொரிமுத்து பாய்ந்து தொட்டியைக் கட்டிப்பிடித்தான். குலுக்கினான். தொட்டி அசையவில்லை, சொரிமுத்து அசைந்தான்.

“ரெண்டுல ஒண்ணு ஆடுனாச் சரிதான்” என்றான் ஞானசிகாமணி.

இடுப்பில் பிள்ளையோடு அக்கா படியேறி வந்தாள். “படம் எங்கல?”

சொரிமுத்து பிடியை விடாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒப்பித்தான். அக்கா கரிக்கணக்கைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

“கோட்டிக்காரப் பயலே! இருபது வருசம் ஒத்தையிலயால குலுக்குவ?”

பிள்ளையைத் தீத்தாரப்பன் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். சுற்றிப் போய், தொட்டியை மறுபக்கத்திலிருந்து கட்டிப்பிடித்துக் குலுக்க ஆரம்பித்தாள்.