ஆயிரத்து இருநூறு கலயம் புளிக்காய்ச்சல்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர் யாராவது சண்டைக்கு வருவார். கஞ்ச ராஜாவாக இருந்தால் குடிகள் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம். இவரோ கொடைவள்ளல். சித்திரை வெயிலில் வீட்டுக்கு ஒரு கம்பளி கொடுப்பார். ஐப்பசி அடைமழையில் விசிறி கொடுப்பார். வேண்டாம் என்றால் ராஜநிந்தனை. வாங்கிக்கொண்டு தூக்கியெறிந்தால் அதைவிடப் பெரிய குற்றம். ‘கொடுத்ததைத் திரும்பக் கேட்டவன் எங்கள் வம்சத்திலேயே கிடையாது’ என்று நாளைக்கு நாலு தடவை மீசையைத் தடவிச் சொல்லிக்கொள்வார்.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பதினெட்டாம் பெருக்கன்று ஊரே ஆற்றங்கரையில் உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிடுகிறதே, அது அரண்மனைப் புளிக்காய்ச்சலில் பிசைந்த புளிசாதமாக இருந்தால் எப்படி இருக்கும்? ஆயிரத்து இருநூறு வீடு, வீட்டுக்கு ஒரு கலயம். மடைப்பள்ளி அதிகாரி உத்தண்டராயரைக் கூப்பிட்டு எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டார்.

“மூன்றே நாள், மகாராஜா!” என்றார் உத்தண்டராயர். இந்த மனிதர் அடுப்பு ஊதி யாரும் பார்த்ததில்லை. ஆனால் ராஜா ‘சபாஷ்’ என்று சொல்லிவிட்டால் போதும், உடம்பெல்லாம் வாயாகிவிடும். சொன்னபடி மூன்று நாளில் காய்ச்சி, பன்னிரண்டாம் தேதி வீட்டுக்கு வீடு கலயமும் போய்ச் சேர்ந்தது.

அந்த ராஜாவின் சபையில் வெள்ளியம்பலம் என்று ஒரு விகடகவி. ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. அவர் சொல்லுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் உத்தண்டராயருக்கு வயிறு எரியும். வெள்ளியம்பலத்துக்கு ஒரே மகள், செங்கமலம். மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். மசக்கைக்காரி வீட்டுக்கு ஒரு கலயம் புளிக்காய்ச்சல் வந்தால் பெருக்கு வரைக்கும் பொறுப்பாளா? பதினைந்தாம் தேதி காலையில் விரலை விட்டு நக்க ஆரம்பித்தவள், பாதிக் கலயத்தை வழித்துவிட்டாள். உச்சிப்பொழுதுக்குள் வாந்தி. குடல் வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தி.

“மசக்கைன்னா அப்படித்தாம்மா இருக்கும்” என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் தைரியம் சொன்னார்கள். வெள்ளியம்பலம் ஓடி வந்து பார்த்தார். மகள் வாழைத்தண்டு போலக் கிடக்கிறாள். பக்கத்திலேயே இன்னொரு பாயில் மருமகன் நாகப்பனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான்.

“மாப்பிள்ளே, உங்களுக்கு எத்தனாவது மாசம்?”

“விளையாடாதீங்க மாமா” என்று முனகினான் நாகப்பன். “அவ ஆசையாத் திங்கிறாளேன்னு நானும் ரெண்டு விரல் நக்கினேன். அம்புட்டுத்தான்.”

வெள்ளியம்பலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கலயத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மேலே மிதந்த நல்லெண்ணெயின் ஓரத்தில் மயில்கழுத்துப் பச்சை. நேரே அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனார். யானை படுக்கலாம் போன்ற பெரிய செம்பு அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஈயப்பூச்சு எங்குமே இல்லை. செம்பு பல்லை இளித்தது. மடிப்பெல்லாம் பச்சைக் களிம்பு. ஈயம் பூசாத செம்பில் புளியைக் காய்ச்சினால் களிம்பு ஊறும், களிம்பு வயிற்றைப் புரட்டும் என்பது அரிசி களையத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

“பூசுறவரை ஏம்மா கூப்பிடலே?” என்று அங்கே பாத்திரம் துலக்கிய பெண்ணைக் கேட்டார்.

“பூச பத்து நாள் ஆகும்னாருங்க. மூணு நாள்ல முடிக்கிறதா ராஜாகிட்டச் சொல்லிட்டேனே, இப்படியே காய்ச்சுங்கன்னு அதிகாரி சொல்லிட்டாரு.”

மூலையில் பட்டுத்துணி மூடிய ஒரு கல்சட்டி இருந்தது. அது என்ன என்று கேட்டார். “அதுவா? மகாராஜாவுக்குத் தனியாக் காய்ச்சினதுங்க” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

வெள்ளியம்பலம் கல்சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இதை இப்போது வெளியே சொன்னால் பொழுது சாய்வதற்குள் சட்டி கிணற்றுக்குள் போய்விடும். வாயை மூடிக்கொண்டு நடந்தார். தன் மகள் பாதிக் கலயத்தில் பிழைத்தாள். பெருக்கன்று ஊரே, பிள்ளை குட்டியோடு, ஒரே நேரத்தில் உட்கார்ந்து இதைத் தின்னப்போகிறது.

மறுநாள் சபையில் விஷயத்தைச் சொன்னார். “மகாராஜா, அந்தக் கலயங்கள் திரும்பி வரவேண்டும்.”

ராஜாவின் முகம் கறுத்தது. “வெள்ளியம்பலம்! தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறீரா?”

“பல்லைப் பார்க்கவில்லை, மகாராஜா. மாடு முட்டிவிட்டது.”

யாரும் சிரிக்கவில்லை. அரண்மனை வைத்தியர் சாந்தலிங்கம் எழுந்தார். மடைப்பள்ளி நெய்யில் வளர்ந்த உடம்பு அவருக்கு. “மகாராஜா, ஊரில் நாற்பது ஐம்பது பேருக்கு வாந்தி என்பது உண்மைதான். ஆனால் அது ஆடிக்காற்று வயிற்றுக்குள் புகுந்ததால் வருவது. சாஸ்திரத்தில் இருக்கிறது.” எந்தச் சாஸ்திரத்தில் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அது ஆளுக்குள் புகுந்து புளி வாசனையோடு வெளியே வரும் என்று அன்றைக்குத்தான் சபை தெரிந்துகொண்டது.

உத்தண்டராயர் மார்பைத் தட்டினார். “என் கைப்புளிக்காய்ச்சல் கெட்டதா? எந்த வீட்டுக் கலயமானாலும் சரி, கொண்டு வரட்டும்! இந்தச் சபை அறியச் சத்தியம் செய்கிறேன், நானே வழித்துத் தின்கிறேன்!” பிறகு குரலைக் குழைத்தார். “இருந்தாலும் மகாராஜா, விகடகவி மகா புத்திசாலி. தாங்கள் கேட்காமல், தங்கள் பெயரைச் சொல்லாமல், யாரிடமும் பிடுங்காமல், கெட்டது என்று ஒரு வார்த்தை வாயில் வராமல், நாளை அஸ்தமனத்துக்குள் கலயங்களை வரவழைக்கட்டுமே. முடியாவிட்டால் பெருக்கன்று முதல் இலையில் அவரே உட்கார்ந்து ஒரு முழுக் கலயத்தைத் தின்னட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் ராஜா. ஊர் வயிறு எக்கேடு கெட்டால் என்ன, வம்சப் பெருமை கெடாமல் இருந்தால் சரி என்பது அவர் கணக்கு.

“சபை அறியச் சத்தியம் என்றாரே அதிகாரி, அது நிலைக்குமா?” என்று மட்டும் கேட்டார் வெள்ளியம்பலம்.

“நிலைக்கும்” என்றார் ராஜா. உத்தண்டராயரும் தலையை ஆட்டினார். பலியாடும் தண்ணீர் தெளித்தால் தலையை ஆட்டத்தான் செய்கிறது.

பதினேழாம் தேதி விடிந்ததும் தெருத் தெருவாகப் பறை முழங்கியது. “இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், எந்த வீட்டுக் கலயமானாலும் தானே வழித்துத் தின்பதாக மடைப்பள்ளி அதிகாரி உத்தண்டராயர் சபை அறியச் சத்தியம் செய்திருக்கிறார்! இந்த வீடு அந்த வீடு என்று பேதம் சொல்லவில்லை! அவர் தின்பதைப் பார்க்க ஆசையுள்ளவர்கள் அவரவர் கலயத்தோடு அரண்மனை வாசலுக்கு வரலாம்!”

எத்தனை வீட்டில் ராஜநிந்தனைக்குப் பயந்து வாந்தியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்களோ! பறைச்சத்தம் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் முதல் தெரு காலியானது. நக்கிப் பார்த்தவர்கள் ஆத்திரத்தோடு வந்தார்கள். பார்க்காதவர்கள் வேடிக்கைக்கு வந்தார்கள். எல்லார் இடுப்பிலும் கலயம். அரண்மனை வாசலில் பந்தல் போட்டு, ஊரார் நிற்கும் பக்கம் தவிர மூன்று பக்கமும் படுதா கட்டி, இரண்டு இலை விரித்திருந்தது. இரண்டுக்கும் எதிரே ராஜாவுக்கு ஆசனம். அதற்கு முன்னாலும் ஓர் இலை.

“இரண்டாவது இலை யாருக்கு?” என்றார் ராஜா.

“வைத்தியருக்கு, மகாராஜா. ஆடிக்காற்றுதான் குற்றவாளி என்றாரே, ஒரு பொட்டுக் காற்றுப் புகாமல் படுதா கட்டியிருக்கிறேன். அவர் தைரியமாகச் சாப்பிடலாம்.”

உத்தண்டராயரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். ஒரு பெண்பிள்ளை முண்டியடித்து முன்னால் வந்தாள். “எங்க வீட்டுக்காரரு மூணு நாளாப் பாயை விட்டு எந்திரிக்கலே. இந்தாங்க சாமி, மொதல்ல எங்க கலயம். கூச்சப்படாமச் சாப்பிடுங்க!”

“மிச்சம் வைக்கப்படாது, ராஜா குடுத்தது!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

உத்தண்டராயர் கலயத்தை ஓரமாகத் தள்ளினார். “இன்று எனக்கு விரதம்.”

“என்ன விரதம்?” என்றார் வெள்ளியம்பலம்.

“ஆடி வெள்ளி.”

“இன்று புதன்கிழமை.”

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. வைத்தியரோ இலையைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. “என்ன ஐயா இது! ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்திருங்கள்!”

வெள்ளியம்பலம் கைகட்டி நின்றார். “அதிகாரிக்குத் தனியே சாப்பிடக் கூச்சம் போலிருக்கிறது, மகாராஜா. அதிகாரியாரே, மகாராஜாவுக்கு அனுப்பியதும் இதே புளிக்காய்ச்சல்தானே?”

“இதேதான்! சந்தேகமென்ன?” என்றார் உத்தண்டராயர், பிடிக்க ஒரு கொம்பு கிடைத்த வேகத்தில்.

“அப்படியானால் மகாராஜாவே தொடங்கி வைக்கட்டும்.” வெள்ளியம்பலம் மடியிலிருந்து ஒரு கலயத்தை எடுத்தார். செங்கமலம் பாதி வழித்த கலயம். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ராஜாவின் இலையில் வைத்தார். ராஜாவுக்கும் அது பெருமையாகவே இருந்தது. மீசையை ஒதுக்கிக்கொண்டு விரலில் வழித்து வாய்க்கருகே கொண்டு போனார்.

“மகாராஜா! வேண்டாம்! தொடாதீர்கள்!” உத்தண்டராயர் இலையைத் தாண்டிப் பாய்ந்து ராஜாவின் கையைப் பிடித்துவிட்டார்.

“ஏன் வேண்டாம்?” என்றார் ராஜா, மெதுவாக.

வைத்தியர்தான் முந்திக்கொண்டார்; கப்பல் முழுகும்போது எலிதான் முதலில் குதிக்கும். “களிம்பு, மகாராஜா, களிம்பு! எனக்கு முதலிலேயே தெரியும்! அண்டாவில் ஈயமே இல்லை! அவர்தான் வாயைத் திறக்காதே என்றார்!”

வெள்ளியம்பலம் கை காட்ட, பாத்திரம் துலக்கும் பெண் பட்டுத்துணி மூடிய கல்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். “தங்களுக்குக் காய்ச்சியது இதில், மகாராஜா. தெரியாமல் செய்தவராக இருந்தால் தங்களுக்கும் அண்டாவிலிருந்தே எடுத்திருப்பார்.”

ராஜா தன் விரலில் இருந்ததைப் பார்த்தார். வாசலில் நின்ற ஆயிரத்து இருநூறு கலயத்தையும் பார்த்தார். “எனக்குக் கல்சட்டி, என் குடிகளுக்குக் களிம்பா?” என்றார். அந்த முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது. அதற்குள் அந்தப் பெண்பிள்ளை, “அப்ப எங்க கலயத்தை யாருதான் திங்கிறது?” என்று கேட்டுவிட, ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

“விகடகவியாரே! நான் கேட்கவில்லை, நீர் பிடுங்கவில்லை, கெட்டது என்று ஒரு வார்த்தை பறையில் இல்லை. ஒரு கலயம் பாக்கியில்லாமல் வந்துவிட்டதே!”

“கெட்டது என்று அந்த ஒரு வார்த்தையைத் தாங்கள் நேற்றே சொல்லியிருந்தால் இத்தனை வேடிக்கையும் வேண்டியிருக்காது, மகாராஜா” என்றார் வெள்ளியம்பலம். ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் கோபிக்கவில்லை.

உத்தண்டராயரை என்ன செய்வது? கழுவேற்றலாம் என்றார் ஒருவர், கழுதையில் ஏற்றலாம் என்றார் இன்னொருவர். “எதற்கு?” என்றார் வெள்ளியம்பலம். “செம்பு துலக்கப் புளியைவிட உசத்தி ஏது? இத்தனை கலயம் இருக்கிறது. அரண்மனையில் உள்ள அண்டா, குண்டா, தவலை அத்தனையையும் அவரே துலக்கட்டும். வைத்தியர் தண்ணீர் ஊற்றட்டும். மகாராஜாவின் கொடையும் வீணாகாது.” பதவி போய், தார்ப்பாய்ச்சி கட்டி, முழங்கைவரை புளியோடு அந்த மனிதர் ஐப்பசிவரை துலக்கினார். தொண்ணூறு நாளில் துலக்கியதைப் பத்து நாளில் பூசியிருக்கலாம். மறுநாள் ஆற்றங்கரையில் ஊரார் அவரவர் வீட்டுச் சட்டியில் கிளறிய எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் தின்றார்கள். ராஜா எதுவும் கொடுக்காத பெருக்கு. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பந்தலிலேயே ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். “மாலை இருக்கட்டும், மகாராஜா. என் மகளுக்கு இன்னும் நாக்கு அடங்கவில்லை. அந்தக் கல்சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் கொடுங்கள்” என்றார் வெள்ளியம்பலம். ராஜா தாமே ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, மாலையோடு வெள்ளிக் கிண்ணத்தில் புளிக்காய்ச்சலையும் சேவகனிடம் கொடுத்து அனுப்பினார்.

செங்கமலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாலையை ஓரமாக வைத்துவிட்டுக் கிண்ணத்தை மோந்து பார்த்தாள். நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும் கை போகவில்லை.

“இதை யாராச்சும் தின்னாங்களா?”

“மகாராஜாவே தின்னாரும்மா” என்றான் சேவகன்.

“எப்போ?”

“இப்பத்தான், ஒரு நாழிகை இருக்கும்.”

“அப்பச் சரி” என்று கிண்ணத்தை மூடி வைத்தாள் செங்கமலம். “நாளைக்குக் காலையில அவரு நல்லபடியா எந்திரிச்சு உக்காந்தாருன்னு சேதி வரட்டும். அப்புறம் நான் திங்கிறேன்.”

சேவகன் போய் அதை அப்படியே சொன்னான். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெருக்கன்று பொழுது விடிவதற்கு முன்பே ஒரு ஜோடித் தங்க வளையலோடு அதே சேவகன் செங்கமலத்தின் வாசலில் வந்து நின்றான்.

“மகாராஜா எந்திரிச்சு உக்காந்துட்டாராம்மா. நீங்க திங்கலாம்னு சொல்லச் சொன்னாரு.”