பண்டிதர் கட்டித் தழுவிய பிரெஞ்சுக்காரர்

ராஜா என்றால் ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும். சிலருக்கு யானை, சிலருக்குக் கல்யாணம். நெடுமணல் ராஜா ரணகேசரிக்குப் பிரெஞ்சு. கடற்கரை ராஜ்ஜியம், கப்பல்கள் வருகின்றன, போகின்றன, நாலு வார்த்தை தெரிந்துகொண்டால் நல்லதுதான். ஆனால் எந்த ராஜா நாலு வார்த்தையோடு நிறுத்தினார்? இவர் ஒரு சர்வகலாசாலையே கட்டிவிட்டார். பிரெஞ்சு மொழிக்கு ஒரு வகுப்பு, பிரெஞ்சு பேசும் ஜனங்களின் பழக்கவழக்கங்களுக்கு ஒரு வகுப்பு, அவர்கள் வாழும் பூமியைப் பற்றி ஒரு வகுப்பு.

மூன்றுக்கும் ஒரே வாத்தியார், சிகாமணிப் பண்டிதர். பாரிஸில் பல வருஷம் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். தலையில் எப்போதும் வெள்ளைக்காரர் போடும் பொய்முடி. சித்திரை வெயிலில் அதற்குள்ளிருந்து வியர்வை வழிந்ததைப் பார்த்தே ராஜா நம்பிவிட்டார். பொய்க்காக ஒருத்தன் இவ்வளவு அவஸ்தைப்படுவானா என்று நினைத்தார்.

சபையில் உட்காருகிற அத்தனை பேரும் படிக்கவேண்டும், பெயிலானால் சபையில் இடமில்லை என்று உத்தரவு. படித்தார்கள். பண்டிதர் மூக்கால் ஒரு சத்தம் போடுவார். மந்திரி, சேனாதிபதி எல்லோரும் மூக்கால் அதையே திருப்பிப் போடுவார்கள். ராஜாவும் முதல் வரிசையில் உட்கார்ந்து போட்டார். பரீட்சையில் ராஜாதான் முதல். இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

பெயிலானது ஒரே ஒருத்தன், செங்கோடன். விகடம் பேசி ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். வேறு எந்த வேலையும் தெரியாது. சபையை விட்டால் போக்கிடமும் கிடையாது. அவன் செய்த தப்பு, வகுப்பில் கேள்வி கேட்டது. உப்புக்குப் பிரெஞ்சில் என்ன என்று திங்கட்கிழமை கேட்டான், ஒரு வார்த்தை வந்தது. வெள்ளிக்கிழமை அதையே கேட்டான், வேறு வார்த்தை வந்தது. போதாததற்குப் பூமிப் பாடம் வேறு. பண்டிதர் ஒரு படத்தை மாட்டி, பிரெஞ்சு மொழிக்கு இது ஒன்றுதான் தேசம், இங்கே பிறந்த வெள்ளைக்காரர் வாயைத் தவிர வேறு எந்த வாயிலும் அது வராது என்றார். நம் துறைமுகத்துக்கு வரும் பிரெஞ்சுக் கப்பல்கள் வழியில் தீவு தீவாக நின்று வருகின்றனவே, அங்கெல்லாம் என்ன பேசுகிறார்கள் என்று செங்கோடன் கேட்டான்.

"ஓய், அது காட்டு ஜனம். என்னத்தைப் பேசினால் உமக்கென்ன?" என்று பண்டிதர் முட்டை போட்டுவிட்டார்.

செங்கோடன் நேராக ராஜாவிடம் போய், இந்த ஆளுக்குப் பிரெஞ்சே தெரியாது என்றான். ராஜாவுக்குக் கோபம் வந்தது. முதல் மார்க் வாங்கினவருக்கு வராதா?

"உனக்குத் தெரியுமா பிரெஞ்சு?"

"தெரியாது, மகாராஜா."

"உனக்கே தெரியாது, அவருக்குத் தெரியாது என்று சொல்ல வந்துவிட்டாய். அமாவாசைக்குள் சபையில் நிரூபி. இல்லையென்றால் மூட்டையைக் கட்டு."

தெரியாத மொழியை வைத்து எதை நிரூபிப்பது? செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. மூட்டையைக் கட்டினால் எந்தக் கப்பலில் ஏறுவது என்று பார்க்கத்தான் துறைமுகத்துக்குப் போனான். அங்கே நின்ற கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

அமாவாசையன்று இரண்டு விருந்தாளிகளோடு சபைக்கு வந்தான். ஒருவர் உயரமான வெள்ளைக்காரர், செம்பட்டைத் தாடி, நீலக் கண். இன்னொருவர் நல்ல கறுப்பில் ஓர் அம்மாள், பட்டுக் கவுன், கையில் தந்த விசிறி. ராஜா எழுந்து, பண்டிதர் கற்றுக்கொடுத்த வரவேற்பை மூக்கால் முழங்கினார். வெள்ளைக்காரர் பதறிப்போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினார். ராஜா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"இந்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பிரெஞ்சு தாய்மொழி," என்றான் செங்கோடன். "யாரென்று பண்டிதர் பேசிப் பார்த்துச் சொல்லட்டும்."

பண்டிதருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இது ஒரு சோதனையா? அந்த அம்மாள் அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். பண்டிதர் காக்காய் ஓட்டுவது போலக் கையை வீசிவிட்டு, வெள்ளைக்காரரை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். மூக்கால் நீளமாக ஒரு சத்தம் போட்டார். வெள்ளைக்காரர் முழித்தார், பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே ஏதோ சொன்னார். பண்டிதர் உருகிவிட்டார்.

"அசல் பாரிஸ் உச்சரிப்பு, மகாராஜா. தங்கள் புகழைக் கேட்டு அங்கேயே மண்டியிட்டு வணங்கினாராம். அதைத்தான் முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறார்."

"அந்த அம்மாள்?" என்றான் செங்கோடன்.

"அது பேசினது காக்காய் பாஷை. அதற்கும் பிரெஞ்சுக்கும் காத தூரம்."

செங்கோடன் வெள்ளைக்காரர் பக்கம் திரும்பி, தமிழிலேயே கேட்டான். "துரை, இப்போ என்ன சொன்னீங்க?"

"உங்க கோட்டைப் படி ஏறி முட்டி வீங்கிப்போச்சு, உக்கார நாற்காலி இருக்கான்னு கேட்டேன்," என்றார் அவரும் தமிழிலேயே. "எங்க டேனிஷ் பாஷையில. நான் தரங்கம்பாடிக் கோட்டையில சரக்குக் கிட்டங்கியில வேலை பாக்குறவன். பிரெஞ்சு எனக்கு ஒரு வார்த்தை வராது."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மாள் விசிறியை மடக்கினார். துறைமுகத்தில் நின்ற பெரிய கப்பலின் சொந்தக்காரி அவர், பெயர் மதாம் எலோடி. மொரீஷியஸ் தீவில் பிறந்தவர். புதுச்சேரி வியாபாரத்தில் தமிழும் பழகியவர்.

"எங்க ஊர்ல பிரெஞ்சு எங்க வீட்டு அடுப்படியிலேயே பேசுவோம்," என்றார். "பண்டிதருக்கு வணக்கம்னுதான் சொன்னேன். வணக்கம்கூடத் தெரியலையா உங்களுக்கு?"

பண்டிதர் பொய்முடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் தலையில் காற்றுப் பட்டு எத்தனை நாள் ஆயிற்றோ.

ராஜாவுக்கு ஒன்றுதான் புரியவில்லை. இவர் இப்படித்தான் விழுவார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"பிரெஞ்சு தெரிந்தவர் காதைக் கொடுத்திருப்பார், மகாராஜா. இவர் தோலைப் பார்த்தார். படம் மாட்டி நடத்தின பாடமே அதுதானே."

பண்டிதர் அன்றைக்கே ஊரை விட்டார். கப்பல் நிற்கும்வரை வகுப்பெடுக்க மதாம் ஒப்புக்கொண்டார். ராஜா செங்கோடனைப் பார்த்தார். "உன் இடம் உனக்குத்தான். ஆனால் பெயில் பெயில்தான். நாளையிலிருந்து மதாம் வகுப்பில் போய் உட்கார்."

"அது இருக்கட்டும்," என்றார் மதாம். "நான் உள்ளே வந்ததும் ராஜா மூக்கால ஒரு சத்தம் போட்டாரே. சளி பிடிச்சிருக்கா?"

செங்கோடன் குனிந்து, பணிவாகக் கேட்டான்.

"மகாராஜா, வகுப்பில் என் பக்கத்தில் இன்னொரு பலகை போட்டு வைக்கட்டுமா?"

ராஜாவின் மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் மேல் எறிந்தார்.

"ஜன்னலோரமாகப் போடு," என்றார்.