கூத்தர் கருத்து

முன்னொரு காலத்தில், வரைபடம் எழுதுகிறவர்கள் மறந்துபோன ஒரு நாட்டில், மகுடவர்மன் என்று ஓர் அரசன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் கூத்துப் பைத்தியம். மேடையில் தீவட்டி ஏற்றிவிட்டால் எதிரி கோட்டை வாசலில் நின்றாலும் "கொஞ்சம் இருக்கச் சொல், மங்களம் பாடட்டும்" என்பான்.

அவனுடைய அரசவையில் பிச்சாண்டி என்று ஒரு விகடன். சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவன். முகம் முழுக்கத் தழும்பு. அதே அம்மையில் அவனுடைய தம்பி போய்விட்டான். தன் முகத்தை வைத்து ஊரையே சிரிக்க வைப்பான். தம்பியைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசமாட்டான்.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரை ஊர்களில் அம்மை பரவியது. பிச்சாண்டி அரசனிடம் மன்றாடி, அம்மை குத்துவதில் கைதேர்ந்த மாராயி என்ற மருத்துவச்சியை வடக்கேயிருந்து வரவழைத்தான். அம்மை கண்டு ஆறியவரின் பொருக்கை உலர்த்திப் பொடித்து, நன்றாக இருப்பவர் கையில் ஊசியால் லேசாகக் கீறி அவள் தடவுவாள். கொஞ்சம் காய்ச்சல் வரும், நாலு கொப்புளம் வரும். ஆறும்வரை ஒதுங்கி இருந்தால் போதும்; பிறகு பெரியம்மை அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. ஜனங்கள் பயந்து பயந்து வர ஆரம்பித்தார்கள்.

இது பிரதானி சோமநாதருக்குப் பொறுக்கவில்லை. 'ஒரு கோமாளி சொல்லி அரசர் கேட்பதா?' என்று அவருக்கு வயிறு எரிந்தது.

நாட்டில் அப்போது மோகனாங்கன் என்ற கூத்தருக்குப் பெரும் பேர். பால் வடியும் முகம், மணி மாதிரிக் குரல். அவன் மேடையில் அழுதால் முன்வரிசைக்காரர்கள் மூர்ச்சை போடுவார்கள். ஒருநாள் கூத்து முடிந்து ஜனக்கூட்டம் ஆரவாரித்துக்கொண்டிருக்கும்போது சோமநாதர் எழுந்தார்.

"கூத்தர் திலகமே! ஊரெல்லாம் அம்மை குத்துகிறார்களே, அதைப் பற்றித் தங்கள் கருத்து என்ன?"

மோகனாங்கன் திகைத்தான். அதுவரை அதைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. ஆனால் இத்தனை முகங்கள் அண்ணாந்து பார்க்கும்போது யோசிக்க நேரம் ஏது? மார்பை நிமிர்த்தினான்.

"வீரன் மார்பில் வேல் பாயலாம், ஊசி பாயலாமோ?"

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. மறுநாள் மாராயியின் குடிசை வாசலில் ஈ காக்கை இல்லை.

பிச்சாண்டியின் வீட்டிலேயே அந்தக் கூத்துதான். "கோதையை இன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று மகளின் கையைப் பிடித்தான். மனைவி சிவகாமி குறுக்கே வந்து நின்றாள்.

"அவரே வேணாம்னு சொல்லிட்டாரு. அந்த முகத்தைப் பாத்தா பொய் சொல்ற முகமாவா இருக்கு?"

"என் முகத்தைப் பாரு, சிவகாமி."

"தினம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

பிச்சாண்டி மகளின் கையை விட்டான். தலைப்பாகையை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போய்விட்டான்.

அங்கே அதைவிடப் பெரிய கூத்து. கைதட்டலைக் கேட்டு மயங்கிப்போயிருந்த அரசன் ஓர் ஆணை பிறப்பித்துக்கொண்டிருந்தான். "இத்தனை பேர் போற்றும் ஒருவர் தவறாகப் பேச முடியுமா? இன்று முதல் கூத்தர் மோகனாங்கரின் கருத்தே இந்நாட்டின் முடிவு. அவரைக் கேளாமல் எவரும் எக்காரியமும் செய்யலாகாது. அவர் கருத்துக்கு எதிராகப் பேசுவோர் நாடு கடத்தப்படுவர்!"

சோமநாதர் பிச்சாண்டியைப் பார்த்து மீசையைத் தடவினார். வாயைத் திறந்தால் நாடு கடத்தல். திறக்காவிட்டால் ஊரில் பிள்ளைகளின் கதி என்ன?

பிச்சாண்டி குனிந்து வணங்கினான். "மன்னா, எவரும் என்றால் எவரும்தானே?"

"எவரும்தான்!"

"எக்காரியமும் என்றால்?"

"எக்காரியமும்! உனக்குக் காது மந்தமா?"

"இல்லை மன்னா. நன்றாகக் கேட்டது" என்று சொல்லிவிட்டு, பிச்சாண்டி நேரே சந்தைக்குப் போய்த் தமுக்கடிப்பவன் பக்கத்தில் நின்றுகொண்டான். அவன் குரலுக்கு மேல் குரலெடுத்து, "கேட்டீர்களா? எக்காரியமும்! கேளாமல் செய்தால் குற்றம்!" என்று ஆணையை ஊருக்கு விளக்கினான்.

பொழுது விடிந்தபோது மோகனாங்கனின் வீட்டைச் சுற்றி நாடே நின்றது.

"சாமி, மாடு கன்னு போடுது. கால் முதல்ல வருது. இழுக்கட்டுமா, வேண்டாமா?"

"ஏரி மதகு ஒழுகுதுங்க. களிமண்ணு அப்பறதா, கல்லு வைக்கறதா?"

"ஐயா, என் மாமியார் என்னோட பேசமாட்டேங்குது. நான் போய்ப் பேசலாமா?"

மோகனாங்கனுக்கு முதலில் பெருமை பிடிபடவில்லை. மாடியில் நின்று, "நீர் தன் வழியைத் தானே அறியும்!" என்று மதகுக்காரர்களுக்குச் சொன்னான். அவர்கள் கைதட்டிவிட்டு, பாதி வழியில் நின்று தலையைச் சொறிந்தார்கள். கன்று போடும் மாட்டுக்கு அவன் சோகமாக ஒரு விருத்தம் பாடினான். நல்லவேளை, மாடு ஆணையைக் கேட்கவில்லை, தானே ஈன்றுவிட்டது.

ஆனால் கூட்டம் குறையவில்லை. சோற்றில் கை வைத்தால் சலவைக்காரன் கழுதையோடு வந்தான். குளிக்கப் போனால் குயவர் வந்தார். கண்ணை மூடினால் கதவைத் தட்டினார்கள். அந்த மணிக்குரல் கம்மிப்போய்த் தவளைக்குரலாயிற்று. கூட்டத்தை வரிசையில் நிறுத்திக்கொண்டு பிச்சாண்டி வாசலில் நின்றான். "கூத்தரே, ஒரே ஒரு சந்தேகம்தான், இவர் வீட்டில் பூனை சரியாகச் சாப்பிடவில்லையாம்" என்று மிக மரியாதையாக ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், அரசனுக்குப் பல்வலி வந்தது.

சாதாரண வலி இல்லை. ஒரு கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அரண்மனை வைத்தியர் குறடும் எண்ணெயுமாக ஓடிவந்து அரசனின் தாடையில் கை வைக்கப் போனார்.

"நில்லுங்கள்!" என்று பிச்சாண்டி கத்தினான். "மன்னர் ஆணையை மன்னர் எதிரிலேயே மீறுவதா? எவரும், எக்காரியமும்! கூத்தர் கருத்துச் சொல்லாமல் இந்தப் பல்லை யாரும் தொடக்கூடாது!"

அரசன் பல்லைக் கடிக்கப் பார்த்தான், அதுவும் முடியவில்லை. "கூத்தரைக் கூப்பிடு!" என்று முனகினான்.

மோகனாங்கன் சிவந்த கண்களோடு வந்து நின்றான். பிச்சாண்டி ஒரு வெள்ளித் தட்டில் குறட்டை வைத்து அவன் முன்னால் நீட்டினான். "எந்தப் பல், கூத்தரே? பிடுங்குவதா, விடுவதா? தாங்கள் சொன்னால் அதுவே நாட்டின் முடிவு."

"தயங்காதீர்கள்!" என்றார் சோமநாதர். "ஏதாவது சொல்லுங்கள்!"

மோகனாங்கன் அரசனின் திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தான். இருட்டாக இருந்தது. இந்த வாய் தப்பான பல்லை இழந்தால் அடுத்து என்ன உத்தரவு போடும் என்று நினைத்துப் பார்த்தான். தடாலென்று அரசனின் காலில் விழுந்தான்.

"மன்னா, மன்னிக்க வேண்டும். எனக்குப் பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது!"

"மதகைப் பற்றி?"

"தெரியாது!"

"அப்படியானால் அம்மையைப் பற்றி?" அரசன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டான்.

மோகனாங்கன் தரையைப் பார்த்தான். "கேட்டார்கள், சொன்னேன், மன்னா. கைதட்டினார்கள். கைதட்டிய பிறகு தெரியாது என்று எப்படிச் சொல்வது?"

அடுத்த கணம் பிச்சாண்டி தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட்டான். "ஐயையோ, ஆணை! கூத்தர் கருத்துக்கு எதிராகப் பேசியவர் யாராயினும் நாடு கடத்தல்! இப்போது கூத்தரே கூத்தருக்கு எதிராகப் பேசிவிட்டாரே! ஆனால் கூத்தரைக் கேளாமல் கூத்தரை நாடு கடத்த முடியாதே! கூத்தரே, தங்களை நாடு கடத்துவதைப் பற்றித் தங்கள் கருத்து என்ன?"

அரசனுக்கு முதலில் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. "ஹா!" என்று வாயை அகலத் திறந்து சிரித்தான். பக்கத்திலேயே காத்திருந்த வைத்தியர் அந்த ஒரு வாய்ப்பை விடவில்லை. குறடு உள்ளே போனது, பல்லோடு வெளியே வந்தது. சிரிப்பு அலறலாகி, அலறல் மறுபடியும் சிரிப்பாயிற்று.

எண்ணெய்ப் பஞ்சைக் கடித்தபடியே அரசன் சொன்னான்: "ஆணை ரத்து! இவரை என்ன செய்யலாம், பிச்சாண்டி?"

பிச்சாண்டி இப்போது விளையாடவில்லை. "தண்டிக்க வேண்டாம், மன்னா. இவர் முகத்தைப் பார்த்து ஊர் நம்பியது. அதே முகத்தோடு அதே மேடையில் நின்று, இங்கே சொன்னதை அங்கே ஒரு தடவை சொல்லட்டும்."

மோகனாங்கன் முதலில் வெளிறினான். ஆனாலும் போனான். அன்று வேஷம் கட்டவில்லை, பாடவில்லை. கம்மிய குரலில், "எனக்குத் தெரியாததைச் சொல்லிவிட்டேன். இவருக்குத் தெரியும், இவரைக் கேளுங்கள்" என்று மாராயியை மேடையேற்றிவிட்டு ஓரமாக நின்றான். யாரும் கைதட்டவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. மாராயி ஊசியைக் காட்டி விளக்கினாள், கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னாள்.

மறுநாள் அவள் குடிசைக்கு வெளியே நீண்ட வரிசை. அதில் சிவகாமி கோதையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிச்சாண்டி பக்கத்தில் போனதும், அவன் கன்னத்துத் தழும்பை முந்தானையால் துடைப்பதுபோல் ஒருமுறை தொட்டாள். "என் புள்ளைக்கு இது வேணாம்" என்றாள் மெதுவாக. "உங்களுக்கு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

சின்ன இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு அரசனும் வரிசையில் வந்து நின்றான். "இந்த வரிசையை வடக்குப் பார்த்து நிறுத்தினால் உத்தமம் என்பது என் கருத்து" என்று சோமநாதர் ஆரம்பித்தார். கூட்டம் மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது. பிரதானி வாயை மூடிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். கழுத்திலிருந்த பொற்சங்கிலியைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டான்.

"எப்படி, பிச்சாண்டி? இந்தப் பரிசைப் பற்றி உன் கருத்து என்ன?"

பிச்சாண்டி சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்த்து, மிகப் பணிவாகச் சொன்னான்:

"தட்டாரைக் கேட்டுச் சொல்கிறேன், மன்னா."