பூரணத்துக்கு ஊர்க்காவல்

கோணங்குளத்தில் டவுன்பஸ் நிற்பதில்லை. குற்றம் பஸ்ஸின் மேல் இல்லை. முன்பொரு நாள் நடத்துநர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்லப்போக, ஏறியவர்கள் எல்லாரும் உள்ளே போனார்கள். வெளியே வாருங்கள் என்று அவர் சொல்லாததால் டிப்போ வரை போய், பஸ்ஸைக் கழுவி முடிக்கும் வரை நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொன்ன சொல் மீறாத ஊர். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஊர்க்காரர்தான் கொம்பையா. கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்து ஒரே ஒரு பெண் பிறந்தது. பெயர் பூரணம், நாலு மாதக் கைக்குழந்தை. பக்கத்து ஊரில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை என்று கேள்விப்பட்டதிலிருந்து கொம்பையா சரியாகச் சோறு தின்னவில்லை. குழந்தை தும்மினால் இவர் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸ் ஜெபராணி ஸ்கூட்டரில் வந்து ஊரைக் கூட்டினார்.

"நாளைக்கு ஊசி மருந்தோட வாரேன். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிராதீங்க. இன்னொண்ணு, அம்மை கண்ட வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டுவீங்கல்லா? அந்த வீட்டுக்குள்ள யாரும் போகக் கூடாது. உள்ள இருக்கவங்க வெளிய வரவும் கூடாது. அது ஒட்டுவாரொட்டி."

ஊர்த்தலைவர் மாசானம் கேட்டார். "ஒருக்கா வந்தவுகளுக்கு மறுக்கா வருமாம்மா?"

"வராது அண்ணாச்சி. உடம்பு அதை ஞாபகம் வச்சிக்கிடும். ஊசி போட்டாலும் அப்படித்தான், அம்மை வராமலே உடம்பு ஞாபகம் வச்சிக்கிடும்."

ஜெபராணியின் ஸ்கூட்டர் மறைந்ததும் ஊர் யோசிக்க உட்கார்ந்தது.

"உடம்புக்கு ஞாபகம் இருக்கும், சரி. அம்மைக்கு ஞாபகம் இருக்குமா?" என்றார் கொம்பையா.

"அது ஊர் ஊரா அலையுது. எத்தனை வீட்டைத்தான் ஞாபகம் வைக்கும்? வாசல்ல வேப்பிலையைப் பாத்துத்தான் வந்த வீடுன்னு தெரிஞ்சிக்கிடும்" என்றார் மாசானம்.

"அப்ப இப்பவே கட்டிட்டா?" என்றார் கொம்பையா.

எல்லாரும் அரிவாளைத் தேடி எழுந்தார்கள். ஒரு யோசனை நல்ல யோசனை என்று பட்டுவிட்டால் கோணங்குளத்தில் அப்படித்தான், அப்புறம் உட்காரமாட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் ஆண்கள் வேப்பமரங்களை மொட்டையடித்து வீட்டுக்கு வீடு கட்டிவிட்டார்கள். கொம்பையா தன் வீட்டில் கட்டிய வேப்பிலையில் கதவே தெரியவில்லை. திருப்தியாகக் கையைக் கழுவிவிட்டு உள்ளே காலை வைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"சோறு ஆறுது, வாங்க" என்றாள் உள்ளேயிருந்து பேச்சிக்கனி, அவர் மனைவி.

"எப்படி வர? வேப்பிலை கட்டியிருக்குல்லா."

"நீங்கதான கட்டுனீங்க."

"யாரு கட்டுனா என்ன? கட்டுன வீடு கட்டுன வீடுதான்."

"அப்ப அவுத்துட்டு வாங்க."

"அவுத்தா அம்மை வந்துருமே கனி."

பேச்சிக்கனி ஜன்னல் கம்பி வழியாகத் தட்டை நீட்டினாள். திரும்பிப் பார்த்தால் தெருவில் எல்லா ஆண்களும் அவரவர் ஜன்னலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோற்றைப் பற்றி நர்சம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று மாசானம் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். அன்று ஆண்கள் தெருவிலேயே படுத்தார்கள்.

மறுநாள் காலையில் மருந்து இருந்த ஐஸ் பெட்டியோடு வந்த ஜெபராணி, வாசலுக்கு வாசல் வேப்பிலையைப் பார்த்ததும் ஸ்கூட்டரை நிறுத்தக்கூட மறந்துபோனார்.

"ஐயோ, ஒரே நாளில ஊர் முழுக்கவா?"

"ஒருத்தருக்கும் இல்லம்மா. வரக் கூடாதுன்னுதான் கட்டியிருக்கு" என்றார் மாசானம்.

ஜெபராணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். ஊசி போடாமல் அவிழ்க்கமாட்டோம் என்றார்கள். பிள்ளைகளை வெளியே கூப்பிடச் சொன்னார். வேப்பிலை வீட்டிலிருந்து யாரும் வரக்கூடாது என்று அவருக்கே எடுத்துச் சொன்னார்கள். பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"சரி, கையை மட்டும் ஜன்னல் வழியா நீட்டச் சொல்லுங்க."

மாசானம் தாடையைத் தடவினார். "கை வெளிய வந்தா ஆள் வந்ததா ஆகாதோ?"

"முழங்கை வரைக்கும் ஆகாது" என்றார் ஒருவர்.

"ஊசியைத் தோளுக்குக் கிட்டல்லா போடணும்?"

"தோள் வரைக்கும் வரலாம். கழுத்து வந்தாத்தான் ஆளு" என்று கொம்பையா தீர்த்துவைத்தார்.

ஜன்னலுக்கு ஜன்னல் சின்னச் சின்னக் கைகள் நீண்டன. கை வெளியிலும் அழுகை உள்ளேயுமாக வேலை மளமளவென்று நடந்தது. கடைசி ஜன்னல் கொம்பையாவுடையது. பேச்சிக்கனி பூரணத்தின் கையை நீட்டினாள். அது வெண்டைக்காய் அளவுதான் இருந்தது.

"இவளுக்கு ஒம்பது மாசம் முடிஞ்சாத்தான் போடணும்" என்றார் ஜெபராணி.

கொம்பையா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். ஊருக்கெல்லாம் மருந்து வந்து, எந்தப் பிள்ளைக்காக அவர் சோறு தின்னாமல் கிடந்தாரோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லை என்றால் யாருக்குத்தான் தாங்கும்?

ஜெபராணிக்கும் மனசு கேட்கவில்லை. "அழாதீங்க அண்ணாச்சி. சுத்தி இருக்க பிள்ளைகள் எல்லாம் ஊசி போட்டாச்சு. அவங்களைத் தாண்டி அம்மை இவகிட்ட வரது கஷ்டம். இவளுக்கு அவங்கதான் காவல்."

கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார்.

பூரணத்துக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஜெபராணி மறுபடி வந்தார். வேப்பிலை எங்கும் இல்லை. ஆனால் கொம்பையா வீட்டைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள் கைகோத்து, முதுகை வீட்டுக்குக் காட்டி நின்றார்கள். வாத்தியார் கரும்பலகையைச் சுமந்துகொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சிக்கனிக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோயிருந்ததால் அவள் உள்ளே இருந்தாள். தனக்கு வந்ததா என்று கொம்பையாவுக்கு ஞாபகமில்லை. உடம்புக்கு ஞாபகம் இருக்கலாம், அதைக் கேட்டுச் சொல்ல ஆளில்லை. அதனால் இத்தனை மாதமும் வட்டத்துக்கு வெளியே நின்று, பிள்ளைகளின் தலைக்கு மேலாக எம்பி எம்பி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா இப்படிச் சொன்னேன்?" என்றார் ஜெபராணி.

"நீங்கதான் சொன்னிய" என்றது ஊர்.

மருந்து வைத்திருப்பவர் என்பதால் பிள்ளைகள் அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். ஊசி போட்டதும் பூரணம் ஒரு பாட்டம் அழுது ஓய்ந்தாள். வட்டம் கலைந்தது. கொம்பையா ஓடிப்போய் மகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அப்படியே குழந்தையோடு விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தார்.

"பிள்ளையை எங்க கொண்டுபோறீங்க?" என்று ஜெபராணி பின்னாலேயே ஓடினார்.

"மாசானம் அண்ணாச்சி வீட்டுல போன வாரம் பேரன் பொறந்திருக்காம்லா. இவளுக்கு ஊசி போட்டாச்சு. இனி இவ முறை."

மாசானம் வீட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் கொம்பையா பூரணத்தை இறக்கி, அவளுக்கு நிற்க வராததால் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தார். பூரணம் பின்னாலேயே வந்த ஊரை ஒரு பார்வை பார்த்தாள், கொட்டாவி விட்டாள், தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜெபராணி அவளைத் தூக்கக் குனிந்தார். கொம்பையா உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்கம்மா. காவக்காரி தூங்குறா."