தளபதி வீட்டு மருந்துச் சக்கை

சீனத்து மலையூர் ஒன்றில் சூ லான் என்ற பெண் மூலிகை மருத்துவம் பார்த்துவந்தார். அவருடைய சீடர் கோ பெங் அவரைவிட வயதில் மூத்தவர், தலை நரைத்த பிறகு படிக்க வந்தவர். படிப்பு மெதுவாகத்தான் ஏறியது. பயம் மட்டும் சட்டென்று ஏறிவிடும்.

அந்தக் கோடையில் கடைக்கு வந்தவர்கள் எல்லாருமே பிடரியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"நெற்றி வலிக்கு ஒரு வேர், நெற்றிப்பொட்டு வலிக்கு ஒரு வேர் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். ஊருக்கே பிடரி வலித்தால் என்ன கொடுப்பது, குருவே?"

"தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள்."

கேட்கவே வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். ஊற்றுக்குப் போகும் சாலை தளபதி ஹானின் மாளிகை வாசலில் போகிறது. தளபதிக்கு ஓயாத தலைவலி. காலடிச் சத்தம் மண்டைக்குள் இடிக்கிறது என்று சாலையை அடைத்துவிட்டார். மீறினால் சவுக்கடி. பாவப்பட்ட சனங்கள் தோள்தடியில் குடங்களைத் தொங்கவிட்டு, தடி பிடரியை அழுத்த, மலையைச் சுற்றி நெடுந்தூரம் நடந்தார்கள்.

ஒருநாள் தளபதியின் வேலையாள் கடைக்கு வந்தான்.

"உங்கள் கஷாயம் கேட்கவில்லை. அமாவாசைக்குள் வலி தீராவிட்டால் கடைக்குப் பூட்டு."

கோ பெங் பதறிப்போய்க் குருவின் காதருகே குனிந்தார்.

"செவ்வந்திப்பூவோடு ஊமத்தம்பூவும் கொஞ்சம் சேர்த்தால்? வலியே தெரியாதே!"

"எதுவுமே தெரியாது. அதை எடுத்து உள்ளே வையுங்கள்."

பிறகு வேலையாளைப் பார்த்து, "சக்கையை எங்கே கொட்டுகிறீர்கள்?" என்றார்.

"வழக்கம்போல வாசல் சாலையில்தான்."

கஷாயம் வடித்த சக்கையை நடுச்சாலையில் கொட்டுவது அந்த ஊர் வழக்கம். நாலு பேர் மிதித்துப் போனால் நோயும் அவர்களோடு போய்விடும் என்பது நம்பிக்கை.

"யார் மிதிக்கிறார்கள்?"

"சாலைதான் அடைத்திருக்கிறதே, யார் வருவார்கள்?" என்றான் வேலையாள்.

சூ லான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மாளிகைச் சாலையை நோக்கி நடந்தார். கோ பெங் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினார். தடுப்பைத் தாண்டி, குவிந்து காய்ந்து கிடந்த சக்கையின்மேல் ஏறி நின்று நன்றாக மிதித்தார் சூ லான். காவலர்கள் அவரைப் பிடித்துத் தளபதியின் முன் நிறுத்தினார்கள். ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தளபதி.

"என் சாலையில் உனக்கு என்ன வேலை?"

"உங்கள் நோயை எடுத்துப்போக ஆள் இல்லை. நான் வந்தேன்."

"ஒரு ஆள் போதுமா?"

"போதாது. ஊர் வேண்டும்."

"சாலையைத் திறக்கமாட்டேன் என்றால்?"

"தலை உங்களுடையது."

கோ பெங் கண்ணை மூடிக்கொண்டார். சவுக்குச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது தளபதி நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தார்.

"அமாவாசைவரை திறக்கிறேன். அதற்குள் தீராவிட்டால் பூட்டு ஒன்றல்ல, இரண்டு போடுவேன்."

மறுநாளே சாலையில் குடங்கள் போயின. போகிறவர்கள் சக்கையை மிதித்துக்கொண்டே போனார்கள். சிலர் வேண்டுமென்றே இரண்டு முறை மிதித்தார்கள். அவர்களுக்கு மனதில் அத்தனை கோபம்.

அமாவாசைக்கு முந்தின நாள் வேலையாள் மறுபடி வந்தான்.

"கொஞ்சம் தேவலை, சாலை திறந்தே இருக்கட்டும் என்கிறார். ஆனால் இன்னும் வலிக்கிறதாம். பூட்டு வாங்கச் சொல்லிவிட்டார்."

அவன் போனதும் கோ பெங் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு குருவே! உங்கள் பிழைப்பே இந்தக் கடைதானே! இப்போதாவது அந்த ஊமத்தம்பூவை..."

சூ லான் வேர் நறுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாசலில் யாராவது காத்திருக்கிறார்களா, பாருங்கள்."

கோ பெங் எட்டிப் பார்த்தார். போன வாரம் நிற்க இடமில்லாமல் இருந்த வாசலில் ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது.

"யாரும் இல்லை."

"பிடரி வலி என்று?"

"ஒருவர்கூட இல்லை, குருவே."

சூ லான் கத்தியை உறையில் போட்டார்.

"அப்படியானால் பூட்டட்டும்."